அவன் கையில் இருப்பதுதான் வேண்டும்

(ஆண்டின் பொதுக்காலம் 25ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு. வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு மறையுரையின் எழுத்து வடிவம். வாசகங்கள்: சாலமோனின் ஞானம் 2:12, 17-20, யாக்கோபு 3:16 – 4:3, மாற்கு 9:30-37)



சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை நேரம். இளையாத்தங்குடியில் ஒரு வீட்டில் அன்பியக் கூட்டம். செபமாலை தொடங்கச் சற்று நேரம் இருந்ததால் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே இரண்டு சிறுவர்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் தம்பி பெற்ற பிள்ளைகள். பெரியவனுக்கு நான்கு வயது இருக்கும், சின்னவனுக்கு மூன்று. அவர்களைச் சுற்றிலும் விளையாட்டுச் சாமான்கள் இறைந்து கிடந்தன. சொப்புகள், ஒரு ரப்பர் பந்து, பேட்டரியில் ஓடும் கார் எல்லாம் இருந்தன. அவற்றுக்கு நடுவே, பின்சக்கரம் ஒன்று கழன்ற நீல நிறப் பிளாஸ்டிக் லாரி ஒன்றும் கிடந்தது. அரைமணி நேரமாக அதை யாரும் தொடவில்லை.

பிறகு பெரியவன் எதற்கோ அந்த லாரியைக் கையில் எடுத்தான். அவ்வளவுதான். சின்னவன் தன் பேட்டரிக் காரை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து லாரியைப் பிடித்தான். "எனக்கு!" என்றான். "நான்தான் மொதல்ல எடுத்தேன்!" என்றான் பெரியவன். ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தார்கள். அடுத்து அடி, பிறகு அழுகை.

உள்ளேயிருந்து ஒரு பெண் ஓடிவந்தார். சமாதானப்படுத்த இன்னொரு லாரியைக் கொண்டுவந்து சின்னவனிடம் நீட்டினார். நல்ல லாரி, நான்கு சக்கரமும் இருந்தன. அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணன் கையில் இருப்பதுதான் அவனுக்கு வேண்டும்.

நாமெல்லாரும் நம் வீட்டில் இதைப் பார்த்திருக்கிறோம். "பிள்ளைகள் என்றால் அப்படித்தான்" என்று சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் அன்று திண்ணையில் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. அரைமணி நேரம் யாருக்கும் வேண்டாமல் கிடந்த லாரி ஒரு நொடியில் எப்படி விலைமதிப்பில்லாத பொருளாக மாறியது? அதற்குப் புதிய நிறம் வரவில்லை, கழன்ற சக்கரம் திரும்ப முளைக்கவில்லை. அதில் இன்னொருவன் கை பட்டது. அது ஒன்றுதான் நடந்தது.

இன்றைய இரண்டாம் வாசகத்தில் திருத்தூதர் யாக்கோபு இதே கேள்வியைத்தான் பெரியவர்களிடம் கேட்கிறார். உங்களுக்குள் சண்டையும் சச்சரவும் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டு, உங்களுக்குள்ளே போராடும் ஆசைகளிலிருந்துதான் என்று பதிலும் சொல்கிறார். ஆசைப்பட்டும் கிடைக்காததால் கொலை வரைக்கும் போகிறீர்கள் என்கிறார். லாரியில் தொடங்குவது எங்கே போய் முடியும் என்பதை அவர் அறிந்திருக்கிறார்.

அன்பார்ந்தவர்களே, முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பிறரைப் பார்த்துச் செய்வது பாவம் இல்லை. கடவுள் மனிதருக்குக் கொடுத்த பெரிய கொடை அது. நாம் பேசும் தமிழ் பார்த்தும் கேட்டும் வந்தது. சோற்றைப் பிசைந்து உண்பதும், பெரியவர் வந்தால் எழுந்து நிற்பதும், சிலுவை அடையாளம் வரைவதும் அப்படித்தான் வந்தன. திருப்பலியில் தாய் கைகூப்பினால் மடியிலிருக்கும் குழந்தையும் கைகூப்புகிறது. பொருள் புரிவதற்கு முன்பே செயல் வந்துவிடுகிறது.

1977ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆண்ட்ரூ மெல்ட்ஸாஃப், கீத் மூர் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிறந்து 12 நாள் முதல் 21 நாள் வரையான குழந்தைகளின் முன் ஒருவர் நாக்கை நீட்டினால் குழந்தையும் நாக்கை நீட்டியது, வாயைத் திறந்தால் அதுவும் திறந்தது என்றார்கள். அவ்வளவு இளம் வயதில் இது நடக்குமா என்பதில் பின்வந்த ஆய்வாளர்கள் சிலர் மாறுபட்டதுண்டு. ஆனால் ஓரிரு வயதுக்குள் குழந்தை நம்மைப் பார்த்தே பலவற்றைப் படிக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அதற்கும் முன்னால், 1961இல் ஆல்பர்ட் பண்டூரா என்ற அறிஞரும் அவருடைய துணையாளர்களும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியின் 72 குழந்தைகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். காற்றடைத்த பெரிய பொம்மை ஒன்றைப் பெரியவர் ஒருவர் அடிப்பதையும் உதைப்பதையும் சில குழந்தைகள் பார்த்தார்கள். பிறகு தனியாக விட்டபோது அவர்களும் அதே போலப் பொம்மையை அடித்தார்கள், அதே வார்த்தைகளைச் சொல்லித் திட்டினார்கள். நாம் உபதேசம் செய்யும்போது பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்ளலாம். நாம் வாழும்போது அவர்கள் கண்ணை மூடுவதில்லை.

செயலைப் பார்த்துப் படிப்பது போலவே ஆசையையும் பிள்ளை பார்த்துத்தான் படிக்கிறது. இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஒருவன் நடப்பதைப் பார்த்து நானும் நடந்தால் அவனுக்கு ஒரு குறைவும் இல்லை. வழி இருவருக்கும் போதும். ஒருவன் ஆசைப்படுவதைப் பார்த்து நானும் அதற்கே ஆசைப்பட்டால், பொருள் ஒன்று, கைகள் நான்கு. எனக்கு வழிகாட்டியாக இருந்தவனே என் வழியில் நிற்பவனாக ஆகிவிடுகிறான்.

புனித அகுஸ்தினார் ஏறக்குறைய 1,600 ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கவனித்தார். தம் வாழ்க்கையைக் கடவுளிடம் அறிக்கையிட்டு எழுதிய நூலின் முதல் பகுதியில், தாம் நேரில் கண்ட ஒரு கைக்குழந்தையைப் பற்றிச் சொல்கிறார். அதற்கு இன்னும் பேச்சு வரவில்லை. ஆனால் தன்னோடு அதே மார்பில் பால் குடிக்கும் மற்றொரு குழந்தையைக் கண்டு முகம் வெளுத்து, கசப்போடு பார்த்ததாம். பால் நிறைய இருந்தது. ஆனாலும் பொறாமை இருந்தது.

நம் காலத்தில் இதை ஆழமாக ஆராய்ந்தவர் ரெனே ஜிரார் என்ற பிரெஞ்சு அறிஞர். 1923ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று அவிஞ்ஞோன் நகரில் பிறந்தவர், அமெரிக்காவில் பேராசிரியராகப் பணியாற்றி 2015இல் இறந்தார். விசுவாசத்தை விட்டு விலகியிருந்த அவர், தம் 35ஆம் வயதையொட்டித் திருச்சபைக்குத் திரும்பினார். 1961இல் வெளிவந்த முதல் நூலிலேயே அவர் சொன்னது இது. எனக்கும் நான் விரும்பும் பொருளுக்கும் நடுவே நேர்க்கோடு ஒன்று இருப்பதாக நினைக்கிறோம். உண்மையில் அது முக்கோணம். நான் ஒரு மூலை, பொருள் ஒரு மூலை, அதை விரும்பக் கற்றுக்கொடுத்த மற்றவர் மூன்றாவது மூலை. அந்த மூன்றாமவர் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. "எனக்காகவே தோன்றிய ஆசை" என்று சத்தியம் செய்வோம்.

வீட்டில் விலை உயர்ந்த பொம்மைகள் கிடக்க, குழந்தைக்கு ஏன் அம்மாவின் கைபேசி வேண்டியிருக்கிறது? நம் கண் எந்நேரமும் அதிலேயே இருப்பதால்தான். அந்தக் கண்ணைப் பின்தொடர்ந்து பிள்ளையின் கண்ணும் அங்கே போகிறது. பிறகு, "எப்போ பார்த்தாலும் போன் கேக்குறான் சாமி, நீங்களாவது சொல்லுங்க" என்று என்னிடம் அழைத்து வருகிறோம்.

கடவுள் தந்த கட்டளைகளில் கடைசியாக வருவதை நினைத்துப் பாருங்கள். பிறருடைய வீடு, மனைவி, பணியாளர், மாடு, கழுதை என்று பட்டியல் போகிறது. பிறகு பட்டியல் நின்று, பிறர்க்குரிய எதுவானாலும் ஆசைப்படாதே என்று முடிகிறது. ஜிரார் இதைச் சுட்டிக்காட்டுவார். பொருள்களை எண்ணி முடியாது. எல்லாவற்றிலும் மாறாமல் இருப்பவர் 'பிறர்' ஒருவர்தான். ஆசையின் வேர் கழுதையில் இல்லை, பக்கத்து வீட்டில் இருக்கிறது.

தமிழர்களாகிய நமக்கு இது புதிதல்ல. குன்றக்குடியிலிருந்து தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துப் பழனிக்கு நடந்து செல்லும் நம் நகரத்தார் சகோதரர்களை ஆண்டுதோறும் பார்க்கிறோம். அந்தப் பழனிக்குச் சொல்லப்படும் கதை என்ன? வீட்டில் மாம்பழம் ஒன்று, பிள்ளைகள் இருவர். பழத்தை வெட்டவும் கூடாது. போட்டி வைக்கிறார்கள், ஒருவர் வெல்கிறார், மற்றவர் கோபித்துக்கொண்டு மலையேறிவிடுகிறார். சமய வேறுபாட்டைத் தாண்டி, வீட்டுக்கு வீடு நடக்கும் ஒன்றை நம் முன்னோர் அந்தக் கதைக்குள் வைத்திருக்கிறார்கள்.

நம் விவிலியமும் அண்ணன் தம்பிச் சண்டையில்தான் தொடங்குகிறது. காயினுக்கு நிலம் இருந்தது, ஆபேலுக்கு ஆடு இருந்தது. சண்டை அவற்றுக்காக இல்லை. கடவுளின் பார்வை தம்பியின் காணிக்கைமேல் விழுந்தது, அண்ணனால் அதைத் தாங்க முடியவில்லை. ஏசாவும் யாக்கோபும் தாய் வயிற்றிலேயே மோதிக்கொண்டார்கள். யாக்கோபு வளர்ந்து தகப்பனானபோது ஒரு பிள்ளைக்கு மட்டும் அழகான அங்கி செய்து போட்டார். மற்றப் பத்துப்பேரும் அந்த அங்கியைக் கழற்றிவிட்டுத்தான் யோசேப்பைக் குழியில் தள்ளினார்கள். பெற்றோரே, "அவனைப் பார், எப்படிப் படிக்கிறான்! நீயும் இருக்கிறாயே" என்று சொல்லும்போது நாமும் ஒரு பிள்ளைக்கு மட்டும் அங்கி தைக்கிறோம்.

நம் மொழியில் இதற்கென்றே ஒரு நோய்ப் பெயர் உண்டு: பங்காளிக் காய்ச்சல். அந்நியன் மாடி கட்டினால் நமக்குக் காய்ச்சல் வருவதில்லை, பங்காளி கட்டினால் வருகிறது. தூரத்தில் இருப்பவரோடு போட்டி இல்லை. நம்மைப் போலவே இருப்பவரோடுதான் போட்டி.

பங்காளி என்ற சொல்லுக்கு இந்த மண்ணில் தனி மதிப்பு உண்டு. நகரத்தார் ஒன்பது கோயில்களைச் சேர்ந்தவர்களாகத் தங்களை வகுத்துக்கொண்டவர்கள். அவற்றுள் ஒன்று இளையாத்தங்குடி. ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள். மணமான ஒவ்வொருவர் குடும்பமும் ஒரு புள்ளி. அவர்களுடைய பெரிய வீடுகளைப் பாருங்கள். வாசல் ஒன்று, முகப்பு ஒன்று, வளவு ஒன்று. வளவைச் சுற்றிலும் ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும் தனி அறை. திருமணமானதும் 'வேறு வைத்தல்' என்று தனி அடுப்பு மூட்டிக் கொடுத்துவிடுவார்கள். கூரை ஒன்று, அடுப்பு பல. சேர்ந்தும் வாழ வேண்டும், ஒரே பானைக்குள் பல கைகள் மோதிக்கொள்ளவும் கூடாது என்று யோசித்த பெரியவர்களின் ஏற்பாடு அது.

ஆனால் எந்த ஏற்பாடும் மனித மனத்தை மாற்றிவிடுவதில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். பங்குதாரர் பெருகி, பராமரிக்க ஆளில்லாமல் இடிந்த வீடுகளின் தேக்குத் தூண்களும் நிலைகளும் பித்தளைச் சாமான்களும் கடை கடையாக விற்பனைக்கு இருக்கின்றன. பிள்ளைகள் விளையாடிய சொப்புகளையும் அங்கே பார்க்கலாம். ஒரு காலத்தில் "எனக்கு, எனக்கு" என்று யாரோ இரண்டு குழந்தைகள் அழுத சொப்பாக அது இருக்கும். இன்று ஊர்பேர் தெரியாத ஒருவர் விலை பேசி எடுத்துப் போகிறார்.

சகோதர சகோதரிகளே, இதுவரை ஊரைப் பற்றிச் சொன்னேன். இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் தந்தையிடம் தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர் ஒன்று இருந்தது. மாலையில் இலங்கை வானொலி பாடும். நானும் தம்பியும் சிறுவர்களாக இருந்தபோது அதன் திருகுபொத்தானைத் திருப்புவது யார் என்பதற்காக எத்தனையோ முறை உருண்டு புரண்டிருக்கிறோம். பிறகு நான் குருமடம் போனேன், குருவானேன். தந்தை இறந்தபின் தம்பி அந்த டிரான்சிஸ்டரை எடுத்துத் தன் வீட்டில் வைத்துக்கொண்டான். பல ஆண்டுகளாக நான் அதை நினைத்ததே இல்லை. அவன் எடுத்தான் என்று கேட்ட அன்றுதான் எனக்கு அது வேண்டியிருந்தது. "அப்பா ஞாபகமா எனக்கு அது ஒண்ணு போதும்" என்று கேட்டேன். "அண்ணே, ஒங்களுக்கு எதுக்கு அது?" என்றான். நான் ஏதோ சொன்னேன். அவனும் ஏதோ சொன்னான். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் நல்லது கெட்டதுக்குப் பார்த்துக்கொள்வதோடு சரி, மனம் விட்டுப் பேச்சு இல்லை. அந்த மூன்று ஆண்டுகளும் நான் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டுதான் இருந்தேன். ஒற்றுமையைப் பற்றிப் பிரசங்கமும் செய்துகொண்டிருந்தேன்.

இந்த மறையுரையை எழுத உட்கார்ந்தபோது பாதியில் பேனா நின்றுவிட்டது. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரரோடு நல்லுறவு செய்துகொள் என்று ஆண்டவர் சொன்னது நினைவுக்கு வந்தது. ஒலிவாங்கியின் முன் மன்னிப்புக் கேட்பது எளிது. வீட்டுத் திண்ணையில் கேட்பது கடினம். பேருந்து ஏறிப் போனேன்.

டிரான்சிஸ்டர் பரண்மேல் கிடந்தது. பேட்டரி கசிந்து உள்ளே பச்சை பூத்திருந்தது. அது பாடி ஆண்டுகள் ஆகிவிட்டன. தம்பி அதை இறக்கித் துடைத்து என் மடியில் வைத்தான். "நீங்க கேக்காம இருந்திருந்தா நானே குடுத்திருப்பேண்ணே. நீங்க கேட்டதும் எனக்கு விட மனசு வரல" என்றான். நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய இரண்டு பேர், சக்கரம் கழன்ற லாரியை மூன்று ஆண்டுகளாக இழுத்துக்கொண்டிருந்திருக்கிறோம். நான் மன்னிப்புக் கேட்டேன். அவனும் கேட்டான். டிரான்சிஸ்டரை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். இதை வானொலியில் சொல்லலாமா என்று கேட்டதற்கு, "சொல்லுங்க, என் பேரை மட்டும் சொல்லிறாதீங்க" என்று அனுமதி கொடுத்தான்.

சாலமோன் அரசரின் தீர்ப்பு உங்களுக்குத் தெரியும். இரண்டு பெண்கள், ஒரு குழந்தை. வாளைக் கொண்டுவரச் சொன்னார் அரசர். ஒருத்தி, எனக்கும் வேண்டாம், அவளுக்கும் வேண்டாம், வெட்டுங்கள் என்றாள். போட்டி முற்றும்போது பொருள் மறைந்துவிடுகிறது. எனக்குக் கிடைக்க வேண்டும் என்பதுகூடப் போய், அவனுக்குக் கிடைக்கக் கூடாது என்பது மட்டும் மிஞ்சுகிறது. மற்றவள், குழந்தையை அவளிடமே கொடுங்கள், உயிரோடு இருக்கட்டும் என்றாள். கையை விட்டவளே தாய் என்று அரசர் கண்டுகொண்டார். எதைக் கேட்டு நாம் வழக்குப் போட்டிருக்கிறோமோ, எந்த வாய்க்கால் வரப்புக்காகப் பேசாமல் இருக்கிறோமோ, அதன் எதிரில் இந்தத் தாயை ஒருமுறை நிறுத்திப் பார்ப்போம்.

இப்போது நற்செய்திக்கு வருவோம். கலிலேயா வழியே போகும்போது இயேசு தம் பாடுகளைப் பற்றிச் சொல்கிறார். தாம் கொல்லப்படப் போவதைச் சொல்கிறார். பின்னால் வரும் சீடர்களோ தங்களுக்குள் யார் பெரியவர் என்று வாதாடிக்கொண்டு வருகிறார்கள். கப்பர்நாகும் வீட்டுக்கு வந்ததும், வழியில் என்ன பேசினீர்கள் என்று அவர் கேட்கிறார். எல்லாரும் வாயடைத்து நிற்கிறார்கள். பிள்ளைகள் லாரிக்குச் சண்டையிடுகிறார்கள். வளர்ந்தவர்கள் முதலிடத்துக்குச் சண்டையிடுகிறோம். பங்குப் பேரவையில் யார், சப்பரத்தில் யாருக்கு முதல் மரியாதை, திருவிழா அழைப்பிதழில் யார் பெயர் மேலே என்பதெல்லாம் நமக்குத் தெரியாததா?

இந்த இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது. தங்களுக்குள் மோதுகிறவர்கள் சமாதானமாக மனிதர் கண்டுபிடித்த குறுக்குவழி ஒன்று உண்டு. மூன்றாவது ஒருவரைச் சேர்ந்து வெறுப்பது. சண்டையிட்ட இரண்டு குழந்தைகள், மூன்றாவது குழந்தை வந்ததும், "இவன வெளையாட்டுக்குச் சேக்க வேணாம்" என்று கூட்டாளிகளாகிவிடுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? முதல் வாசகத்தில் தீயவர்கள் நீதிமான் ஒருவருக்கு எதிராக ஒன்றுகூடித் திட்டமிடுகிறார்கள். பொறாமையால்தான் இயேசுவை ஒப்புவித்தார்கள் என்பது பிலாத்துக்கே தெரிந்திருந்தது என்கிறார் மாற்கு. அதுவரை பகைவர்களாக இருந்த ஏரோதும் பிலாத்தும் அன்று நண்பர்களானார்கள் என்கிறார் லூக்கா. நம் போட்டிகளின் கடைசிக் கணக்கு அந்தச் சிலுவையில் எழுதப்பட்டிருக்கிறது.

வாயடைத்து நின்ற சீடர்களின் நடுவே இயேசு ஒரு சிறு பிள்ளையை நிறுத்துகிறார். பிள்ளைகளுக்குப் பொறாமையே இல்லை என்பதாலா? இல்லை. பிள்ளைகளை அவர் நம்மைவிட நன்றாக அறிவார். அக்காலத்தில் சிறுபிள்ளைக்குச் சபையில் இடமில்லை, பேச்சில் மதிப்பில்லை. அதை ஏற்றுக்கொள்வதால் யாருக்கும் பெருமை கூடாது, பதவி கிடைக்காது. எந்தப் போட்டியிலும் எனக்கு உதவாத ஒருவரை நான் ஏற்றுக்கொள்ளும்போதுதான் போட்டியிலிருந்து விடுபடுகிறேன்.

அடுத்து இயேசு செய்ததைக் கவனியுங்கள். அந்தப் பிள்ளையை அவர் அணைத்துக்கொள்கிறார். சண்டையிடும் பிள்ளையைத் தூக்கி மார்போடு சேர்த்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் இறுக மூடிய கை தானாகத் திறக்கும். லாரி தரையில் விழும், பிள்ளை அதைத் தேடாது. தான் அன்பு செய்யப்படுகிறோம் என்று அறிந்தவனுக்குப் பறிக்க வேண்டிய அவசியம் இல்லை. கடவுள் நிலையில் இருந்த கிறிஸ்து அதைக்கூடப் பற்றிப் பிடித்துக்கொள்ளாமல் தம்மை வெறுமையாக்கினார் என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதுகிறார். தந்தையின் அன்பை முழுமையாக அறிந்ததால் அவருடைய கை திறந்தே இருந்தது.

பார்த்துச் செய்யாமல் நம்மால் வாழ முடியாது. யாரைப் பார்த்து என்பதே நம் முன் உள்ள கேள்வி. தந்தை செய்யக் காண்பதையே மகன் செய்கிறார் என்று யோவான் நற்செய்தியில் இயேசு சொல்கிறார். அவரைப் பார்த்து நானும், என்னைப் பார்த்து நீங்களும் நடங்கள் என்று கொரிந்தியருக்குச் சொல்கிறார் பவுல். இந்தப் பார்த்துச் செய்தலில் பொருள் தீர்ந்துபோவதில்லை. இயேசுவைப் போல மன்னிக்க நான் ஆசைப்பட்டால் உங்களுக்கு மன்னிப்பு குறைந்துவிடாது.

அன்று இளையாத்தங்குடித் திண்ணையில் சண்டை எப்படி முடிந்தது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்தப் பிள்ளைகளின் அப்பத்தா வந்தார். யாரையும் அதட்டவில்லை. லாரியைப் பிடுங்கவும் இல்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு தரையில் இருவருக்கும் நடுவே உட்கார்ந்தார். ஒரு பிடி புளியங்கொட்டையை லாரியில் போட்டார். "டேய் பெரியவனே, சரக்கு ஏத்தியாச்சு. தம்பி கடையில கொண்டு போய் எறக்கு" என்றார். பெரியவன் தயங்கித் தள்ளினான். சின்னவன் கொட்டையை எண்ணி எடுத்துக்கொண்டான். "இப்ப நீ அண்ணனுக்கு நெல்லு அனுப்பு." சின்னவன் சொப்பில் மணலை அள்ளிப் போட்டுத் திருப்பித் தள்ளினான். செபமாலை முடியும் வரைக்கும் அந்தச் சக்கரம் கழன்ற லாரி இருவருக்கும் நடுவே போய் வந்துகொண்டிருந்தது. லாரி ஒன்றுதான், பிள்ளைகளும் அவர்களேதான். ஒருவர் நடுவில் உட்கார்ந்து, கொடுப்பது எப்படி என்று காட்டினார். அவர்கள் அதையும் பார்த்துச் செய்தார்கள்.

அந்த அப்பத்தாவிடம் பெற்றோர் கற்றுக்கொள்ளச் சில உண்டு. பிள்ளைகள் சண்டையிடும்போது ஆளுக்கொன்று வாங்கிப் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். கொஞ்ச நேரம் அவர்கள் நடுவே உட்காருங்கள். ஒரு பிள்ளையை அளவுகோலாக்கி இன்னொன்றை அளக்காதீர்கள். காணிக்கை போடும்போதும், வாசலில் வந்து நிற்பவருக்குக் கொடுக்கும்போதும் பிள்ளையின் கையால் கொடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய வண்டியைப் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் என்ன பேசுகிறோம் என்பதைக் கவனியுங்கள். கணவன் மனைவியிடமும், அண்ணன் தம்பியிடமும் மன்னிப்புக் கேட்பதைப் பிள்ளைகள் ஒருமுறையாவது பார்க்கட்டும்.

கடைசியாக ஒன்று. நம் ஆலயக் குடும்பத்துக்குத் தமிழில் 'பங்கு' என்று பெயர். நீங்கள் பங்குமக்கள், நான் பங்குத்தந்தை. பங்காளி என்ற சொல்லிலும் இதே பங்குதான் இருக்கிறது. ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறவர்கள் நாம். நற்கருணை வாங்க வரும்போது யாரும் பறிப்பதில்லை, கையை விரித்து நிற்கிறோம். பக்கத்தில் நிற்பவருக்குக் கிடைத்தது பெரியதா என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. எத்தனை பேர் உண்டாலும் கிறிஸ்து குறைவதில்லை. வாரத்துக்கு ஒருமுறை அந்தப் பீடத்தின் முன் நாம் காய்ச்சல் இல்லாத பங்காளிகளாக நிற்கிறோம். அதை வீட்டுக்கு எடுத்துச் செல்வதுதான் மீதி ஆறு நாளின் வேலை.

உங்களில் யாருக்காவது பேசாமல் இருக்கும் அண்ணனோ தம்பியோ அக்காவோ தங்கையோ இருந்தால், இந்த வாரம் ஒரு பேருந்து ஏறுங்கள்.

மன்றாடுவோம். அன்புத் தந்தையே, எங்கள் மூடிய கைகளைத் திறந்தருளும். எங்கள் பிள்ளைகள் எங்களைப் பார்த்து வளர்கிறார்கள். நாங்கள் உம் திருமகனைப் பார்த்து வாழ வரம் தாரும். பிரிந்திருக்கும் சகோதரர்களை உம் பந்தியில் மீண்டும் ஒன்றாக உட்கார வையும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.